பாதியில் கழற்றிய ஜாப்

வாத்தியாரைப் பார்த்து "உங்களுக்கு வேலை இல்லையாமே" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது. நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இங்கிலீஷ்ல எந்த வார்த்தையை மனசுல வச்சுக்கிட்டுக் கேக்கறீங்க?" என்பார். கேட்டவர் தெரியாத்தனமாக "ஜாப்தான் சார்" என்று சொல்லிவிட்டால் போச்சு. அன்றைக்கு அவர் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் வாயில் வளர்ந்தது, நடுவில் எப்படிக் கெட்டுப்போனது, பிறகு எப்படித் திருந்திக் கௌரவமாக நாற்காலியில் உட்கார்ந்தது என்று ஆதியோடந்தமாகச் சொல்லி முடிக்காமல் ஆளை விடமாட்டார். உடும்புப்பிடி. அந்தத் தெருவில் அவரிடம் மணி கேட்பதற்குக்கூட ஆட்கள் யோசிப்பார்கள்.

இந்தப் பிடியால்தான் மனுஷன் பிழைப்பையும் கெடுத்துக்கொண்டார். முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். பாடப்புத்தகத்தின் முதல் பக்கம் முதல் வரியில் ஒரு சொல் கிடைத்தது. அதன் அப்பனைத் தேடி, பாட்டனைத் தேடி, லத்தீன் வரைக்கும் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இரண்டாவது வரி தெரியாது. அடுத்தது ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்டர். அங்கே 'பார்சல்' என்ற சொல் கையில் சிக்கியது, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது இடத்தைப் பற்றி அவரே பேசுவதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

இப்போது வீட்டு மாடி அறையில், காலை வேளையில் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்துகிறார். நடத்துகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆசைப்படும் நர்ஸம்மா. இன்னொருவர் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர். சலூன்காரருக்கு ஆங்கிலம் எதற்கு என்று அவருக்கே தெரியாது. நாள் முழுக்க அவர் மற்றவர்களுக்குக் கதை சொல்கிறார், காலையில் ஒருமணி நேரமாவது தனக்கு யாராவது சொல்லட்டுமே என்று வருகிறார்.

உண்மையில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கீழ்த்தளத்தால். கீழே லேத் பட்டறை. அதை நடத்துகிறவள் வாத்தியாரின் மனைவி. அவள் அப்பா வைத்துவிட்டுப் போன மெஷின், அவர் கற்றுக்கொடுத்த கை. இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து, தலைமுடியில் பாதி கனத்துக்கு இழைத்துக் கொடுப்பாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுமை ரொம்பக் கம்மி. ஆனால் கை சுத்தம் என்று ஊரில் எதிரிகூட ஒத்துக்கொள்வான். எதிரி என்றால் எதிர்ப்பட்டறைக்காரன்தான். எதிர்ப் பக்கத்திலேயே கடை போட்டிருக்கிறான்.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனதும் லேத்தால்தான். மெஷினுக்கு வந்த ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்று வாத்தியாரைக் கூப்பிட்டாள். நாலு பக்கப் புத்தகம். இவர் அதை வாரக்கணக்கில் படித்தார். மெஷினில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வட்டத்துக்கு 'சக்' என்று பேர், அதன் வேரைத் தேடுகிறேன் என்று தினமும் வந்து நின்றார். வேர் கிடைத்ததோ இல்லையோ, பெண் கிடைத்தாள். அவளுக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது. இப்போதும் சில நாள் சிரிக்கிறாள், அவள் அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால்.

வாத்தியாரின் மாமியார் அவர்களோடேதான் இருக்கிறார். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். சாதம் போடும்போது ஒரு பெருமூச்சு விடுவார், அது போதும்.

வாத்தியாருக்குப் பெருமூச்சு பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. பட்டறைக்கு யாராவது புதிதாக வருவார்கள். ஒரு பெண்பிள்ளை தனியாக மெஷினில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். அவள் கண்ணை மெஷினிலிருந்து எடுக்காமல், "சும்மா இருக்கார்" என்பாள். அவள் கேலியாகச் சொல்வதில்லை, வருத்தமாகவும் சொல்வதில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொல்வாள். மாடிப்படி வழியாக அது மேலே வந்து இவர் காதில் விழும். உலகத்தில் உள்ள சொல்லுக்கெல்லாம் வேர் தேடுகிற மனுஷனுக்கு, 'சும்மா' என்ற சொல்லைத் தொட மட்டும் மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவை, அவள் வாயால், வேறு ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அதற்காகத்தான் இன்டர்வியூவுக்கு ஒத்துக்கொண்டார். மனைவியின் சித்தப்பா சொல்லிவைத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி. நாற்காலி, மேஜை, கழுத்தில் தொங்கவிடுகிற அட்டை எல்லாம் உண்டு. அன்றைக்கு மத்தியானம் போக வேண்டும். மாமியார் விடியற்காலையிலேயே எழுந்து வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். பெருமூச்சே விடவில்லை.

அன்றைக்குப் பார்த்துக் கீழேயும் ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஊருக்கெல்லாம் ரொட்டி போடுகிற பேக்கரியில் மாவு பிசைகிற மெஷின் நின்றுவிட்டது. உள்ளே பல்சக்கரம் உட்காருகிற குடம் தெறித்துவிட்டது. அது எதிர்ப்பட்டறைக்காரன் அவசரத்தில் கடைந்து கொடுத்தது. நடுமையம் கொஞ்சம் ஒதுங்கியிருந்ததால், ஆடி ஆடியே உடைந்துபோயிற்று. ரொட்டிக்காரர் கோபத்தில் தெருவைத் தாண்டி இவளிடம் வந்துவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள புதுசா ஒண்ணு கடைஞ்சு குடும்மா. இது சரியா உக்காந்துட்டா இனிமே எங்க மெஷின் வேலை எல்லாம் உனக்குத்தான். ஆடிச்சுன்னா, ரெண்டு பட்டறையும் ஒண்ணுதான்னு வெளியூர்ல பாத்துக்கறேன்." அவளுக்கு இது நல்ல வாய்ப்பு. பேக்கரி அவள் பக்கம் வந்தால் அப்பா பேரில் உள்ள பட்டறைக்கு இனி பயமில்லை. வராவிட்டால், எதிரே இருப்பவன் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே சிரிப்பான்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். லேத் பட்டறையில் மெஷினில் மாட்டிக் கடைகிற இரும்புத் துண்டுக்கே ஜாப் என்றுதான் பேர். ஜாப்பை ஒருதடவை சக்கின் நாலு தாடைக்கு நடுவே கட்டிவிட்டால், உள்ளேயும் வெளியேயும் முழுக்கக் கடைந்து முடிக்கிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்து மறுபடி கட்டினால் பழைய மையம் கிடைக்காது. இது அவள் அப்பாவின் சட்டம். சுவரிலேயே வெள்ளை பெயின்டில் எழுதிவைத்திருந்தார்: 'கட்டின ஜாப்பைப் பாதியிலே கழட்டாதே.' கல்யாணமான புதிதில் வாத்தியார் ஒரு பிரஷ் எடுத்து, 'கழட்டாதே' என்பதைக் 'கழற்றாதே' என்று திருத்தி எழுதினார். எழுத்தைத் திருத்தினாரே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா எழுந்து, "சார், வெளிநாட்டுல கேப்பாங்களாம். ஜாப்னா என்ன, வொர்க்னா என்ன, வித்தியாசம் சொல்லுங்க சார்" என்றாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். சலூன்காரர் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஜாப்புங்கிறது இப்பதான்மா மாசச் சம்பளம், ஆபீஸ், நாற்காலி" என்று வாத்தியார் ஆரம்பித்தார். "நானூறு ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி அப்படி இல்ல. அப்ப அது ஒரு துண்டு வேலை. வா, இதைச் செய், போ, அவ்வளவுதான். நிரந்தர வேலை இல்லாதவன் செய்யறதுதான் ஜாப்."

"அப்ப நிரந்தரமா இருக்கறவங்க?" என்றார் சலூன்காரர்.

"அவங்க செஞ்சதுக்கு அந்தப் பேரே இல்லை. நடுவுல ஒரு காலத்துல ஜாப்னா, பதவியில இருந்துக்கிட்டுத் திருட்டுத்தனமா சொந்த லாபம் பாக்கறதுன்னுகூட அர்த்தம் இருந்துது. அப்புறம்தான் திருந்திச்சு. ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி, வேர்ல, அது ஒரு கட்டியா இருந்திருக்கலாம்னு சில பேர் சொல்றாங்க. கட்டின்னா, கையில எடுக்கற மாதிரி ஒரு உருண்டை. உறுதியாத் தெரியாது. ஆனா..."

இந்த 'ஆனா'வில்தான் வாத்தியாருக்குப் பொறி தட்டியது. கட்டி. துண்டு. கையில் எடுக்கிற மாதிரி. அந்தச் சொல்லின் ஆதி உருவம் கீழே, அவர் வீட்டிலேயே, எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் இது தோன்றவில்லையே என்று அவருக்குப் புல்லரித்துவிட்டது. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு மடமடவென்று படியிறங்கினார்.

மெஷின் நின்றிருந்தது. பட்டறைக்குள் போனுக்கு சிக்னல் வராது, அவள் ரொட்டிக்காரரிடம் ஒரு அளவு கேட்பதற்காகத் தெருமுனைக்குப் போயிருந்தாள். சக்கில் பளபளவென்று, பாதி கடைந்த நிலையில், பேக்கரியின் குடம். தாடைகளைத் திருகுகிற சக் சாவி பக்கத்திலேயே கிடந்தது. மனைவி எப்படித் திருகுவாள் என்று எத்தனை நாள் பார்த்திருக்கிறார். மூச்சைப் பிடித்துத் திருகினார். ஒரு தாடை, இன்னொரு தாடை. குடம் கையில் வந்தது. பழைய துண்டில் சுற்றிக் கைக்குழந்தையை எடுத்துப் போவதுபோல் மாடிக்குக் கொண்டுபோனார். சுவரில் அவர் கைப்படத் திருத்திய வரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மாடியில் அன்றைக்கு நடந்த மாதிரி வகுப்பு அதற்கு முன் நடந்ததில்லை. நர்ஸம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "திஸ் இஸ் எ ஜாப்" என்று தப்பில்லாமல் சொன்னாள். சலூன்காரர் மடியில் வைத்துக் கனம் பார்த்து, "என் தலைமேல இத்தனை நாள் இதுவா சார் உக்காந்திருக்கு" என்றார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியார் வேலைக்கென்றே பிறந்திருக்கிறோம் என்று அந்த ஐந்து நிமிஷம் நம்பினார்.

கீழே இருந்து, "என்னங்க" என்று ஒரு குரல் வந்தது.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கூப்பிட்டாள். வாத்தியார் சட்டென்று எழுந்தார். துண்டோடு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே நர்ஸம்மாவும் சலூன்காரரும் பாதிப் படியில் வந்து நின்றார்கள். இதைப் பார்க்காமல் போக அவர்களுக்கு மனசு வரவில்லை.

"எடுத்த இடத்துலயே வச்சுடறேன்" என்றார் வாத்தியார்.

"வைங்க."

வைத்தார். அவள் மையம் சரியா என்று பார்க்கிற டயல் கருவியை எடுத்து, அதன் ஊசி குடத்தின் மேல் படுகிற மாதிரி நிறுத்தி, சக்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஊசி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அவள் சாக்குமேல் உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் கை.

"வேற இரும்பு எடுத்துப் புதுசா..."

"இந்தக் கனத்துக்கு இரும்பு நாளைக்குத்தான் கிடைக்கும்." நிமிர்ந்து பார்த்தாள். "ஊர்ல கேக்கறவங்ககிட்ட எல்லாம் நீங்க சும்மா இருக்கீங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். அது பொய். நீங்க சும்மா இருந்திருந்தா இந்த ஜாப் இப்ப சக்குல இருந்திருக்கும். எனக்கு அழுகை வருது. அழுதா கை நடுங்கும், அதான் அழாம உக்காந்திருக்கேன்."

வாத்தியார் குனிந்து டயலின் ஊசியைப் பார்த்தார். "மறுபடி மையம் கொண்டுவரவே முடியாதா?" என்று கேட்டார்.

"முடியும். ஊசி அசையாம நிக்கிற வரைக்கும் நாலு தாடையையும் மாத்தி மாத்தி, இங்க தளர்த்தி, அங்க இறுக்கி, ஒருத்தர் ஊசியைப் பாத்துச் சொல்ல, ஒருத்தர் திருக. இதுக்குத்தான் செட்டிங்னு பேர், அப்பாவால முடியும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாதியில கைவிட்டுடுவேன்."

"நான் ஊசியைப் பாக்கறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேறு ஆள் இல்லை. "நம்பர் மட்டும் சொல்லணும். அந்த நம்பர் எங்க பொறந்துது, எப்படி வளந்துதுன்னு ஒரு வார்த்தை வந்துது, சாவியாலேயே போட்டுடுவேன்."

ஆரம்பித்தார்கள். அவள் திருகுவாள், அவர் சக்கை மெல்லச் சுற்றிக்கொண்டே குனிந்து, "முப்பது. பன்னண்டு. நாப்பது" என்பார். நர்ஸம்மா கைப்பையிலிருந்து, நோயாளிகள் தொண்டையைப் பார்க்கிற டார்ச்சை எடுத்து டயலுக்கு அடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு திருகலுக்கும் "எ லிட்டில் மோர்" என்று அவள் பாட்டுக்குப் பாடம் படித்துக்கொண்டாள். சலூன்காரர் நாலு பேருக்கும் டீ வாங்கி வந்தார். எதிர்ப்பட்டறைக்காரன் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மத்தியானமாயிற்று. மாமியார் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "மாப்பிள்ளை, கிளம்பணுமே."

வாத்தியார் அப்போதுதான் அதை நினைத்துப் பார்த்தார். போட்டிருந்த சட்டை முழங்கை வரைக்கும் கருப்பு. மனைவி, "போய்ட்டு வாங்க. நான் எப்படியோ பாத்துக்கறேன்" என்றாள். அவள் பார்த்துக்கொள்ளமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இன்னும் பத்து நிமிஷத்தில் எரிச்சல் வந்து, இருக்கிறபடி இருக்கட்டும் என்று மெஷினை ஓட்டிவிடுவாள். அங்கே நாற்காலி, அட்டை, சித்தப்பாவின் மரியாதை. கழுத்தில் அட்டை தொங்கினால் இவள் வாயிலிருந்து 'சும்மா' வராது. அதற்குத்தானே இத்தனையும்.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு டயலைப் பார்த்தார். "பதினஞ்சு" என்றார். "அந்தப் பக்கத்துத் தாடையைத் தளர்த்து."

மாமியார் சட்டையை மடக்கி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். சித்தப்பாவோடு அவர் போனில் பேசியது உள்ளே வரை கேட்டது. "மாப்பிள்ளைக்கு உடம்பு முடியல. ஆமா, திடீர்னுதான். கையிலதான். ரெண்டு கையும் கருகருன்னு ஆயிடுச்சு, பாக்கவே சகிக்கல. இல்ல இல்ல, டாக்டர் எல்லாம் வேண்டாம், நர்ஸு பக்கத்துலயே நிக்கிறாங்க." அந்த அம்மாள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்று சலூன்காரர் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

சாயங்காலம் நெருங்கியது. ஊசி இப்போது லேசாக நடுங்கியதே ஒழிய, ஓடவில்லை. "போதும்" என்று சாவியை வைத்தாள் அவள்.

"ஆடுது" என்றார் வாத்தியார்.

"என்ன ஆடுது, உங்க கண்ணுதான் ஆடுது. ரொட்டிக்காரர் வர்ற நேரம்."

"ரெண்டு ஆடுது. விடமாட்டேன்."

"இவ்வளவு ஆடினா எந்த மெஷினுக்கும் ஒண்ணும் ஆகாது."

"எதிர்ப்பட்டறையிலயும் அப்படித்தான் சொல்லியிருப்பான்."

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சாவியை எடுத்தாள். கால் சுற்றுகூட இல்லை, மூச்சு விடுகிற அளவுக்குத் திருகினாள். இவர் சுற்றினார். தளர்த்தச் சொன்னார். இறுக்கச் சொன்னார். அவள் திட்டிக்கொண்டே தளர்த்தினாள், திட்டிக்கொண்டே இறுக்கினாள். நர்ஸம்மாவின் டார்ச்சில் பேட்டரி மங்க ஆரம்பித்தபோது ஊசி நின்றது. ஒரு முழுச் சுற்று. இன்னொரு சுற்று. நின்றது நின்றதுதான். வாத்தியார் நிமிர்ந்தார், முதுகு நிமிரவில்லை. அவள் மெஷினைப் போட்டாள். இரும்புச் சுருள் நீளமாக, அறுபடாமல், ஒரே இழையாக இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் சரியாயிற்று.

கடைசி இழைப்பு முடிந்து மெஷினை நிறுத்துகிற நேரத்துக்கு ரொட்டிக்காரர் உள்ளே வந்தார். சக்கில் இருந்த குடத்தைக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், தலையாட்டினார். பிறகுதான் மூலையில் தலைமுதல் கால்வரை கருப்பாக நின்ற ஆளைக் கவனித்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

"யாரும்மா இது? புது ஆளா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்படியா. என்ன பண்றார்?"

வாத்தியார் டயலைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். இதற்கு அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மெஷின் ஓடத் தொடங்கியதும் படிக்கு ஒதுங்கிய இரண்டு மாணவர்களுக்கும் தெரியும். மாமியார்கூட வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"செட்டிங் பாக்கறார்" என்றாள் அவள், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலவே சொன்னாள். "அவர் சரின்னு சொல்லாம நான் மெஷின் போடறதில்ல."

பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சக் சாவியை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "இப்பக் கழட்டுங்க."

"கழட்டறேன்" என்றார் வாத்தியார். அந்தச் சொல்லை அவர் திருத்தவில்லை. சாவியை இரண்டு கையாலும் வாங்கினார். எந்தத் தாடையிலிருந்து ஆரம்பிப்பது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார், கையெல்லாம் எண்ணெய். நர்ஸம்மா இறங்கி வந்து அதை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள்.